ஒரு கண்ணாடியா, இரு கண்ணாடியா?



அன்பான ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே!

மொழிப்பாடம், தேர்வு, மாணவர் நன்னெறி என்று எழுதி வருபவன் இன்று கண்ணாடியைப் பற்றி எழுத வந்துவிட்டேனே என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. எங்கள் வீட்டு மேல்மாடத்தை அடைப்பதற்கு எந்தக் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, பல ஆண்டுகளாக என் மனத்துள் நான் மூடி வைத்திருந்த ஒரு பழைய தவற்றைத் திறந்துவிட்டது. அந்தத் தவறு பெற்றோர்களின் பணத்தில் நேர்ந்தது. ஆகவே, அதனை உங்கள் முன் வைப்பது என் கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

காஜாங்கில் நாங்கள் குடியிருப்பது இரட்டை மாடி வரிசை வீடு. மேல்மாடியின் முன்புறம் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு மேல்மாடம் உண்டு. அது மேற்கு நோக்கியது. பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே வெயில் இறங்கினால், மாலை ஏழு மணி வரையில் விலகாது. ஆயினும், அந்த இடம் எங்கள் அம்மாவுக்கு உரியது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. செமினி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் அஞ்சடியில் அமர்ந்து வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். வெயில் தணிந்ததும் தம் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். போவோர் வருவோர் அனைவரும் அவருக்குத் தெரிந்தவர்களே.

அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருக்கும் என் மகள், தனக்கு ஒரு படிப்பிடம் வேண்டுமென்று கேட்டாள். மேல்மாடத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் மழைச்சாரல் வராது, மேசையும் நூலடுக்கும் வைக்கலாம் என்பது அவளது திட்டம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 

கட்டட வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் வந்து அளவெடுத்தார். இரண்டு விலைப்பட்டியல்களைக் கொடுத்தார். ஒன்று 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைக் கண்ணாடிக்கு உரியது. மற்றொன்று இரு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்து விளிம்பை மூடிய வெப்பக் காப்புக் கண்ணாடிக்கு உரியது. கடைக்காரர்கள் அதனை ‘டபுள் கிளேசிங்’ என்பர். இரண்டாவது பட்டியலின் தொகை முதலாவதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

“சிக்கு, குளிர்சாதனம் பொருத்தப் போகிறீர்களா?” என்று அவர் மலாயில் கேட்டார். ஆசிரியரை இங்கு எல்லா இனத்தவரும் அப்படித்தானே அழைக்கின்றனர்!

“இல்லை” என்றேன்.

“அப்படியானால் எதற்கு இரண்டு?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவருக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். ஏனெனில், இரட்டைக் கண்ணாடிதான் வேண்டும் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். கனடாவில், தொராந்தோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் என் தம்பியும் தொலைபேசியில் அதையே சொன்னான். “அண்ணே, எங்க வீட்டுல எல்லாமே ரெண்டு கண்ணாடிதான். இங்க குளிர் உள்ள வராது; அங்க வெயில் உள்ள வராது. அவ்வளவுதான்!”

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால், என் முடிவுக்குத் தம்பியின் சொல் மட்டும் காரணமன்று. அந்தப் பழைய தவறும் காரணம்.

பெற்றோர் தந்த பணம்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேறோர் ஊரில், ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் பணியாற்றினேன். பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். தவறு பள்ளியினுடையதன்று, என்னுடையது. அங்கு வாசிப்பறைக்கு இடமில்லை. வகுப்பறையை ஒட்டி ஒரு நடைகூடம் இருந்தது. இடுப்பளவுச் சுவரும் அதற்கு மேல் திறந்த வெளியுமாக இருந்த அந்த நடைகூடத்தைக் கண்ணாடியால் அடைத்து வாசிப்பு மூலையாக்கலாம் என்று நான்தான் கூட்டத்தில் எடுத்துரைத்தேன். 

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் உற்சாகத்துடன் ஏற்றனர். உணவுச் சந்தை நடத்தினர். வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டினர். தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாய், நெகிழிப்பையில் சில்லறைக் காசுகளாக ஐம்பது வெள்ளியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். “பிள்ளைங்க படிக்கிற எடம் சார், நல்லா செய்யுங்க” என்றார். இன்றும் அந்தப் பையின் கனம் என் கையில் இருக்கிறது.

நல்ல தெளிந்த கண்ணாடி பொருத்தினோம். திறக்க இயலாத நிலைக்கண்ணாடி. தூசு வராது, மழை வராது என்று பெருமைப்பட்டேன். சிவப்பு நாடா வெட்டி, படம் பிடித்து, பலகாரம் வழங்கித் திறப்பு விழாவும் நடத்தினோம்.

மூன்றாவது வாரத்திலேயே உண்மை தெரியலாயிற்று. காலை பத்து மணிக்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. மாணவர்கள் முகம் சிவந்து, சட்டை நனைந்து வெளியே வந்தனர். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலைவலி தாங்காமல் வாந்தியெடுத்தாள். இரண்டு மின்விசிறிகளை வாங்கி வைத்தோம். அவை சூடான காற்றையே சுழற்றின. அதைவிடக் கொடுமை, நடைகூடத்தின் வழியே காற்று பெற்றுவந்த வகுப்பறையும் புழுக்கமாயிற்று. நூல்களின் அட்டைகள் சுருண்டன. ஓராண்டுக்குள் வாசிப்பு மூலை, உடைந்த மேசை நாற்காலிகளைப் போட்டு வைக்கும் இடமாயிற்று. பின்னர் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டனர்.

எந்தப் பெற்றோரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் ஒருவேளை ஆறியிருக்கும்.

இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே ஓர் ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘பணம் போதாமல் ஒற்றைக் கண்ணாடி போட்டோம். அதனால்தான் வெப்பம் உள்ளே வந்தது. வெப்பக் காப்புக் கண்ணாடி போட்டிருந்தால் அந்த அறை பிழைத்திருக்கும்.’ ஆக, குற்றம் என்னுடையதன்று, வறுமையினுடையது என்பது என் தீர்ப்பு. என் சொந்த வீட்டில் அதே பிழையைச் செய்யமாட்டேன் என்ற உறுதியோடுதான் இரண்டாவது விலைப்பட்டியலைக் கையில் எடுத்தேன்.

காலணிப் பெட்டிச் சோதனை

அந்தச் சமயத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் செயற்பாங்குத் திறன் பாடம் நடந்துகொண்டிருந்தது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு மெய்யான சோதனையைக் கொடுக்கலாமே என்று தோன்றியது.

ஒரே அளவுள்ள நான்கு காலணிப் பெட்டிகளை எடுத்தோம். ஒவ்வொன்றின் முன்புறத்தையும் வெட்டித் திறந்தோம். முதல் பெட்டிக்கு ஒரு கண்ணாடித் தகடு. இரண்டாவது பெட்டிக்கு நடுவே விரற்கடை இடைவெளி விட்டு இரண்டு தகடுகள். மூன்றாவதற்கு ஒரு தகடு. ஆனால், அதற்கு வெளியே சிறு மூங்கில் தட்டி. நான்காவதற்கும் ஒரு தகடு. மேலும் கீழும் காற்று போக நீண்ட பிளவுகள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வெப்பமானி. திடலோரம் வெயிலில் வரிசையாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தோம்.

எந்தப் பெட்டி குளிர்ச்சியாக இருக்கும் என்று முன்னதாகவே மாணவர்களிடம் கேட்டேன். பெரும்பாலோர் இரண்டாவது என்றனர். நானும் மனத்துக்குள் அதையே சொன்னேன்.

நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு பார்த்தபோது, நான்கு பெட்டிகளுள் அதிக வெப்பத்தைக் காட்டியது அந்த இரண்டாவது பெட்டிதான்! தட்டி மறைத்த பெட்டியே ஆகக் குறைந்த வெப்பத்தைக் காட்டியது. பிளவுகள் உள்ள பெட்டி அதற்கு அடுத்து நின்றது.

வெப்பமானி பழுதோ என்று ஐயுற்று, வெப்பமானிகளை மாற்றி வைத்து மறுநாளும் செய்தோம். வரிசை மாறவில்லை. அப்போது பின்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் மாணவன் ஒருவன் சொன்னான்: “ஐயா, ரெண்டு சட்டை போட்டவனுக்குத்தானே அதிகமா வேர்க்கும்?”

நான் பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த ஆறுதலை அந்தப் பிள்ளை ஒரு வரியில் உடைத்துவிட்டான்.

ஏன் அப்படி?

வெயில் என்பது ஒளி. தெளிந்த கண்ணாடி ஒளியைத் தடுப்பதில்லை. உள்ளே புகுந்த ஒளி தரையிலும் மேசையிலும் பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பக் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. காற்றும் வெளியேற வழியில்லை. ஆகவே, உள்ளே வெப்பம் குவிகிறது.

இரட்டைக் கண்ணாடி என்ன செய்கிறது? தன் இருபுறங்களுக்கும் இடையே வெப்பம் கடப்பதைக் குறைக்கிறது. அதன் வேலை அவ்வளவே. எந்தப் பக்கம் நல்லது, எந்தப் பக்கம் கெட்டது என்று அதற்குத் தெரியாது. தொராந்தோவில் உள்ளே 21 பாகை செல்சியசு, வெளியே சுழியத்துக்குக் கீழே 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 36 பாகை. 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 வாட் வெப்பத்தைக் கடத்தும். சாதாரண இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ 2.8 வாட் கடத்தும். கணக்கிட்டால், முன்னதில் 205 வாட் இழப்பு. பின்னதில் 101 வாட். குளிர்காலம் முழுவதும் இரவும் பகலும் இந்தச் சேமிப்பு தொடர்கிறது. தம்பி சொன்னது அவன் ஊருக்கு முற்றிலும் சரி.

நம் ஊரில் வெளியே 33 பாகை, குளிர்சாதன அறையில் 25 பாகை என்றால் வேறுபாடு வெறும் 8 பாகை. ஒற்றைக் கண்ணாடி வழியே 46 வாட். இரட்டையின் வழியே 22 வாட். சேமிப்பு 24 வாட் மட்டுமே. ஆனால், நேரடி வெயில்? மேற்குக் கண்ணாடியின் ஒரு சதுர மீட்டரில் 500 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 82 விழுக்காட்டையும், தெளிந்த இரட்டைக் கண்ணாடி ஏறத்தாழ 70 விழுக்காட்டையும் உள்ளே விடும். இரண்டையும் கூட்டிப் பார்ப்போம்.

1. தெளிந்த ஒற்றைக் கண்ணாடி, நிழல் இல்லை: 410 + 46 = 456 வாட்.
2. தெளிந்த இரட்டைக் கண்ணாடி, நிழல் இல்லை: 350 + 22 = 372 வாட்.
3. வெயிலில் 30 விழுக்காட்டை மட்டும் உள்ளே விடும் பூச்சுள்ள உயர்தர இரட்டைக் கண்ணாடி, நிழல் இல்லை: 150 + 15 = 165 வாட்.
4. தெளிந்த ஒற்றைக் கண்ணாடி, வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை மறைக்கும் தட்டி வெளியே: 82 + 46 = 128 வாட்.

நான்காவது வரியை இன்னொரு முறை பாருங்கள். மலிவான ஒற்றைக் கண்ணாடியும் மூங்கில் தட்டியும் சேர்ந்து, விலையுயர்ந்த கண்ணாடியை வென்றுவிட்டன!

இது குளிர்சாதனம் இயங்கும் அறைக்கான கணக்கு. குளிர்சாதனம் இல்லாத அறையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வெயில் ஏற ஏற உள்வெப்பம் வெளிவெப்பத்தை மிஞ்சிவிடும். உள்ளே 38, வெளியே 33 என்று ஆனபின், வெப்பம் வெளியேறத்தான் வேண்டும். அதை இரட்டைக் கண்ணாடி தடுத்து நிறுத்தும். சோற்றுப் பானைக்கு மூடி போட்டதோடு நில்லாமல், மேலே துணியையும் சுற்றியதற்கு ஒப்பாகும் இது. எங்கள் இரண்டாவது பெட்டிக்கு நேர்ந்தது அதுதான். சீன நண்பர் சிரித்ததன் பொருளும் அதுதான். விவரம் போதாதவன் நான்.

பள்ளிக் கூடத்தின் காற்று

அன்றிரவு கட்டட விதிகளைத் தேடிப் படித்தேன். நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டங்களில் 39-ஆவது விதி, இயற்கை வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் பற்றியது. குடியிருப்பு அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் பரப்பு வேண்டும். தடையின்றிக் காற்று புகும் திறப்பு 5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. வகுப்பறைக்கோ சன்னல் 20 விழுக்காடு. திறப்பு 10 விழுக்காடு. அதாவது, வீட்டறையைப்போல் இரு மடங்கு! நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடும் இடம் என்பதை விதி வகுத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

நடைகூடத்தைக் கண்ணாடியால் அடைத்த நான், ஒரு வாசிப்பு மூலையை மட்டும் கெடுக்கவில்லை. அதை ஒட்டிய வகுப்பறையின் காற்றையும் பறித்தேன். ஒற்றையா இரட்டையா என்பது அங்கே கேள்வியே அன்று. இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால், இன்னும் அதிகப் பணத்தைச் செலவழித்து, இன்னும் அதிகப் புழுக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன். குற்றம் வறுமையினுடையதன்று. அறியாமலும் கேளாமலும் செயற்பட்ட என்னுடையதே.

யாரைக் கேட்டிருக்கலாம்? அந்தத் தோட்டத்துத் தாயையே கேட்டிருக்கலாம். லயத்து வீடுகளுக்கு முன்னே நிழலான அஞ்சடி இருந்தது. மலாய்க்காரர்களின் பழைய வீடுகள் தூண்கள்மேல் எழுந்து, நீண்ட கூரை இறக்கத்தோடும் திறந்த முன்கூடத்தோடும் நின்றன. கடைவீதிகளின் முன்னே செல்லும் ஐந்தடி நடைபாதையை, 1822-இல் ராபிள்சு சிங்கப்பூர் நகரத் திட்டத்திலேயே கட்டாயமாக்கினார். காஜாங்கின் பழைய கடைவீடுகளின் முன்னும் அந்த நிழல்நடை உண்டு. நம் முன்னோர் ஊரில் விட்டுவந்த திண்ணையும் அந்த வகைதான். இவை யாவும் வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே அழைத்தன.

புதிய கட்டடக் கலையும் அங்கேதான் வந்து நிற்கிறது. நமக்கு அருகிலுள்ள பண்டார் பாரு பாங்கியில் மலேசிய எரிசக்தி மையம் 2007-இல் கட்டி முடித்த அலுவலகத்தில், மேல்தளங்கள் கீழ்த்தளங்களுக்கு நிழல் தரும்படி முன்தள்ளி நிற்கின்றன. புத்ராஜெயாவில் 2010-இல் எழுந்த எரிசக்தி ஆணையக் கட்டடம் தலைகீழான பிரமிடுபோல் 25 பாகை வெளிப்புறம் சாய்ந்து, தனக்குத் தானே குடை பிடிக்கிறது. முதலில் நிழல்; அதன் பிறகே கண்ணாடியின் தரம். பொறியாளர்களின் வரிசையும் இதுவே.

எப்போது இரட்டைக் கண்ணாடி?

இரட்டைக் கண்ணாடி நம் நாட்டுக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. பகலும் இரவும் குளிர்சாதனம் இயங்கும் அறைக்கு, குறிப்பாகப் படுக்கையில் இருக்கும் நோயாளியின் அறைக்கு, வெயில் தடுக்கும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி மிகவும் பயனுடையது. மின்கட்டணம் குறையும். குளிர்ந்த அறையின் ஒற்றைக் கண்ணாடியில் வெளிப்புறம் நீர் வியர்த்து வடிவதுண்டு. நம் ஈரக்காற்றில் அது சுவரைக் கறையாக்கும். இரட்டையில் அது பெரிதும் குறையும். ஆனால், பூச்சில்லாத வெறும் இரட்டைக் கண்ணாடிக்கு அதிகம் கொடுப்பது வீண். “வெயிலில் எத்தனை விழுக்காட்டை உள்ளே விடும்?” என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 

வேறு சில செய்திகளும் உங்களுக்குப் பயன்படலாம்.

எடை: ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 2.5 கிலோ எடையுள்ளது. 6 மில்லிமீட்டர் என்றால் 15 கிலோ. அதையே இரட்டையாக்கினால் 30 கிலோ. எட்டுச் சதுர மீட்டர் அடைத்தால் 120 கிலோவா, 240 கிலோவா என்பது கேள்வி. சட்டத்தின் எடை தனி. சுவரிலிருந்து நீட்டிக் கட்டிய மேல்மாடம் அதைத் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும். நாம் ஊகிக்கக் கூடாது.

ஆயுள்: இரட்டைக் கண்ணாடியின் விளிம்பில் உள்ள பசை பழுதானால், ஈரம் இடைவெளிக்குள் புகுந்து பனிமூட்டம்போல் படியும். துடைக்க வழியில்லை, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

திரை: உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்ணைக் காக்கும், வெப்பத்தைப் பெரிதாகக் காக்காது. வெயில் கண்ணாடியைக் கடந்த பின்னரே அதில் படுகிறது. தட்டி வெளியே இருக்க வேண்டும்.

திசை: காஜாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. ஆகவே, நண்பகலில் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கிறது. வடக்கு, தெற்கு நோக்கிய மாடங்களுக்குச் சிறிய கூரை நீட்டமே போதும். கிழக்கு, மேற்கு மாடங்களுக்கு அது போதாது. தாழ்ந்து வரும் வெயிலுக்குச் செங்குத்தான தட்டியே துணை.

பாதுகாப்பு: மேல்மாடத்துக்குக் கடினமூட்டிய கண்ணாடியோ, நடுவே நெகிழித்தாள் ஒட்டிய அடுக்குக் கண்ணாடியோ தேவை. தலைக்கு மேலே கூரையாகப் போடுவதானால் அடுக்குக் கண்ணாடிதான். உடைந்தாலும் சில்லுகள் தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாடத்தின் அருகே ஏறுவதற்குத் தோதான மேசை, நாற்காலிகளை வைக்காதீர்கள்.

அனுமதி: தரைவீட்டுக்காரர்கள் நகராண்மைக் கழகத்தில் விசாரித்துவிட்டே தொடங்க வேண்டும். அடுக்குமாடியில் வெளித்தோற்றத்தை மாற்ற நிருவாகத்தின் ஒப்புதலும் தேவை.

அம்மாவின் நாற்காலி

இறுதியில் என்ன செய்தோம்?

முதன்முறையாக அம்மாவிடம் கேட்டேன். அதுவரையில் விலைப்பட்டியலைப் பற்றி எல்லாரிடமும் பேசினேன். அங்கே அமர்பவரிடம் பேசவில்லை. “கண்ணாடி போட்டா காத்து எங்கப்பா வரும்? நான் யாரப் பாத்து பேசுறது?” என்றார். அவ்வளவுதான். அவர் எதிர்க்கவுமில்லை, வருந்தவுமில்லை. “புள்ள படிக்கணும்னா போடு, நான் கீழ ஒக்காந்துக்கிறேன்” என்றும் சொன்னார். முழங்கால் வலியோடு, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத கீழ்க்கூடத்தில் அவர் அமர்ந்திருக்கும் காட்சி என் கண்முன் வந்தது.

பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். பின்னர் 6 மில்லிமீட்டர் கடினமூட்டிய ஒற்றைக் கண்ணாடியில், முழுவதும் மடித்து ஓரத்தில் ஒதுக்கக்கூடிய கதவுகளை அமைத்தோம். மழைக்கு மட்டும் மூடுவோம். மற்ற நேரமெல்லாம் திறந்தே இருக்கும். வெளியே மேலிருந்து கீழ் வரை மூங்கில் தட்டி. மாடத்தின் ஒரு பாதியில் மகளின் மேசை. மறு பாதியில் அம்மாவின் பிரம்பு நாற்காலி.

எல்லாம் நிறைவாக அமைந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரையில் இன்றும் அங்கே சூடுதான். மகள் அந்நேரத்தில் நூல்களைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். பலத்த காற்றோடு மழை வந்தால் கதவுகளை மூடுவதற்குள் மேசை நனைந்துவிடுகிறது. தட்டியில் தூசு படிகிறது. கண்ணாடி அறை வேண்டும் என்று ஆசைப்பட்ட மகளுக்கு முதல் சில நாள்கள் முகம் வாடித்தான் இருந்தது. 

ஆனால், ஐந்தரை மணிக்கு அவள் மீண்டும் மாடத்துக்கு வருகிறாள். வரலாற்றுப் பாடத்தை அவள் உரக்கப் படிக்க, அம்மா தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு மணியானதும் தட்டியை இறக்குவதும், வெயில் போனதும் ஏற்றுவதும் அம்மாவின் வேலையாகிவிட்டன. யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவில்லை; அவராகவே எடுத்துக்கொண்டார். 

எஞ்சிய பணத்தில் ஒரு பகுதியை, நான் முன்பு பணியாற்றிய அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு அனுப்பினேன். வகுப்பறைச் சன்னல்களுக்கு வெளியே தட்டிகள் கட்டப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டேன். ஐம்பது வெள்ளிச் சில்லறைக்கு அது ஈடாகாது என்பதை அறிவேன்.

ஆசிரிய நண்பர்களே! பள்ளியில் எதையாவது அடைக்கவோ மூடவோ திட்டமிட்டால், நான்கு காலணிப் பெட்டிகளை எடுத்து முதலில் மாணவர்களிடம் கொடுங்கள். செலவு மிகக் குறைவு. பெற்றோர்களே! நன்கொடை தருவதோடு நின்றுவிடாதீர்கள். “பிள்ளைகளுக்குக் காற்று எங்கிருந்து வரும்?” என்று எங்களைக் கேளுங்கள். ஆசிரியர் என்பதால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணி வாளாவிருந்துவிடாதீர்கள். அன்று யாரேனும் ஒருவர் என்னை அப்படிக் கேட்டிருந்தால், அந்த மூன்றாம் ஆண்டு மாணவிக்குத் தலைவலி வந்திருக்காது.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
காஜாங்கிலிருந்து உங்கள் ஆசிரியன்